என் தங்கையும் காப்புரிமைச் சட்டமும்

நமது சங்கத்தின் மாத இதழுக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் மெட்ரிகுலேஷன் வரையில் மட்டுமே படித்தவன். மும்பை மாதுங்கா ரயில்வே பணிமனையில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். விடுப்புக் கணக்கு, பயணப் பாஸ், பணிப் பதிவேடு ஆகியவற்றோடு பொழுதைக் கழிக்கும் எனக்குக் கட்டுரை எழுதும் ஆற்றல் ஏது? ஆயினும், சென்ற ஓராண்டுக் காலத்தில் என் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு விஷயம், ஊரை விட்டு வந்து பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று தோன்றியது. ஆகவே துணிந்து எழுதுகிறேன். இதில் என்னுடைய குற்றம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்காகும். என் தங்கையின் சம்மதத்தைப் பெற்ற பிறகே எழுதத் தொடங்கினேன் என்பதையும் முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. தகப்பனார் பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்து ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தார். 2010ஆம் ஆண்டில், பணியில் இருக்கும்போதே காலமானார். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு, தங்கைக்குப் பத்து. கருணை அடிப்படையில் எனக்குக் கடைநிலை ஊழியர் வேலை கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து இலாகாத் தேர்வு எழுதி எழுத்தர் ஆனேன். குடும்பத்துக்குத் தலைவன் என்ற பொறுப்பு, மீசை சரியாக அரும்பி முடிவதற்குள் என் தோளில் ஏறிக்கொண்டது. பொறுப்பு ஏறும்போது அதனோடு சேர்ந்து ஒரு கர்வமும் ஏறிவிடுகிறது என்பதை அந்நாளில் நான் அறியவில்லை.

தங்கை சிறு வயது முதலே எதையும் கேள்வி கேட்பவள். குக்கரில் விசில் ஏன் தொடர்ந்து ஊதாமல் விட்டு விட்டு வருகிறது என்று கேட்டு அம்மாவைத் தொந்தரவு செய்வாள். 2015ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் அறிவியல் பாடத்தில் தொண்ணூற்று மூன்று மதிப்பெண் வாங்கினாள். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில்தான் சேருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் குலதெய்வக் கோயில் கொடைக்காக அம்மாவும் அவளும் ஊருக்குப் போயிருந்தார்கள். கல்லூரிச் சேர்க்கைக்குரிய படிவத்தைக் கணினி நிலையத்தில் அமர்ந்து நிரப்ப வேண்டிய வேலை என்னுடையதாயிற்று.

அன்று முன்னிரவில் நான் போட்ட கணக்கு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அறிவியல் பிரிவு என்றால் கல்லூரிக் கட்டணத்தோடு முடிவதில்லை. தனிப் பயிற்சி வகுப்புக்குக் கட்ட வேண்டும். அதற்கு மேல் பொறியியல், மருத்துவம் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஊரில் வீட்டின் மீது கடன். வணிகவியல் படித்தால் மூன்றாண்டில் பட்டம், ஏதேனும் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. இப்படி எண்ணி, படிவத்தில் பிரிவு என்ற இடத்தில் வணிகவியல் என்று குறித்துவிட்டேன். அவர்கள் ஊரிலிருந்து திரும்பியதும், “சயன்ஸிலே இடம் கிடைக்கலை, காமர்ஸிலேதான் கிடைச்சுது” என்று சொன்னேன். அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகம் வாங்கக் கிளம்பிவிட்டாள்.

பி.காம். முடித்த பிறகு கணக்கு வேலைக்குப் போவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டு எல்எல்.பி. படிக்கலாம் என்பதை அவளேதான் விசாரித்து அறிந்தாள். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, அகில இந்திய பார் தேர்விலும் தேறி, கோட்டைப் பகுதியில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் இளையவராகச் சேர்ந்தாள். அங்கே ஒரு நாள் காப்புரிமை வழக்கு ஒன்றின் காகிதக் கட்டு அவள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அந்தத் துறையின் மீது மோகம் பிடித்துவிட்டது.

காப்புரிமை என்பதை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டண்ட் என்று நாம் வழக்கில் சொல்லுவது இதுவே. ஒருவர் புதிதாக ஒரு பொருளையோ செய்முறையையோ கண்டுபிடித்தால், அதன் விவரத்தை ஒளிவுமறைவு இன்றி எழுதி அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள் வரை, அவர் அனுமதியின்றி வேறொருவர் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்ற உரிமை கிடைக்கும். இருபது ஆண்டுகள் கழிந்தபின் அது ஊர்ப் பொதுவாகிவிடும். நம் நாட்டில் இத்தகைய உரிமை முதன்முதல் 1856இல் கல்கத்தாவில் கேட்கப்பட்டது. கேட்டவர் டிபென்னிங் என்னும் பொறியாளர். கேட்டது பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றுக்காக. இன்று நடைமுறையிலுள்ள சட்டம் 1970ஆம் ஆண்டினது. அதற்கு அடிப்படையாக அமைந்த அறிக்கையை 1959இல் அளித்தவர், அப்போது சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் அவர்கள்.

நிற்க. தங்கை காப்புரிமைப் பணியை மட்டுமே செய்யும் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அவளே இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலையில் அதிகாலையிலேயே புறப்பட்டுப் போனாள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டதாம். “பி.எஸ்ஸி.யா, பி.இ.யா?” என்று கேட்டார்களாம். “பி.காம்.” என்றிருக்கிறாள். “அறிவியல் பட்டம் இல்லாமல் இந்தத் துறைக்குள் வர முடியாதே, அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. “அன்னைக்கு மட்டும் சயன்ஸிலே இடம் கிடைச்சிருந்தா” என்று ஒரே ஒரு முறை சொன்னாள். “எல்லாம் தலையெழுத்து” என்றார் அம்மா. எழுதியது பிரமனல்ல, கணினி நிலையத்தில் உட்கார்ந்திருந்த நான் என்பது எனக்கு மட்டுமே தெரியும். தாழ்வாரத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

எழுத்தர் உத்தியோகம் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பணிமனையில் தினமும் யாராவது ஒருவர் வந்து, “எனக்கு அந்த விடுப்பு கிடையாதாமே, அந்தப் படி கிடையாதாமே” என்று கலங்கி நிற்பார். யார் சொன்னது என்று கேட்டால், “எல்லாரும் சொல்கிறார்கள்” என்பார். விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால், பத்தில் நான்கு முறையேனும் விதி வேறாக இருக்கும். ஆகையால் வாய்ச்சொல்லை நம்பாமல் விதியைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மறுநாள் காப்புரிமைச் சட்டத்தைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டேன். ஆங்கிலம் எனக்கு அலுவலக ஆங்கிலந்தான். ஆனாலும் சட்டத்தின் ஆங்கிலமும் அலுவலக ஆங்கிலமும் ஒன்றுவிட்ட சகோதரர்களே அல்லவா? அகராதியின் துணையுடன் இரவுதோறும் வாசிக்கலானேன்.

126ஆம் பிரிவில் விஷயம் இருந்தது. காப்புரிமை முகவராகப் பதிவு பெற, ஒருவர் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும்; 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டமோ, அதற்கு ஈடாக மத்திய அரசாங்கம் குறிப்பிடும் தகுதியோ பெற்றிருக்க வேண்டும்; அதற்கு மேல், உரிய தேர்விலும் தேற வேண்டும், அல்லது காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர் முதலிய பொறுப்புகளில் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியிருக்க வேண்டும். இவ்வாறு பதிவு பெற்றவரே பிறருக்காக விண்ணப்பமும் விவரக்குறிப்பும் தயாரித்துக் காப்புரிமை அலுவலகத்தில் நடத்தலாம். ஆக, நேர்முகத்தில் சொல்லப்பட்டது முழுப் பொய்யன்று. அந்த ஒரு கதவுக்கு உண்மையாகவே பூட்டு இருந்தது.

சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் அளித்த ஒரு தீர்ப்பைப் பற்றித் தங்கை எங்கேயோ கேள்விப்பட்டு, மிகுந்த ஆசையோடு அதைத் தேடி எடுத்தாள். வழக்கறிஞர்கள் தனித் தேர்வு எழுதாமலே காப்புரிமை முகவராகலாம் என்றிருந்த பழைய வழியை, 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. அந்தத் திருத்தம் செல்லாது என்று கூறியது அத்தீர்ப்பு. ஆனால் அது அறிவியல் பட்டமும் பெற்றிருந்த வழக்கறிஞரைப் பற்றிய விஷயம். தேர்வைப் பற்றித்தான் அங்கே வாதம் நடந்ததே தவிர, பட்டம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முழுவதும் படித்து முடித்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையின் மேல் வைத்தாள். அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் மட்டும் நிறுத்தவில்லை. 126லிருந்து தொடர்ந்து படித்துக்கொண்டே போனதில், 132ஆம் பிரிவில் வந்து நின்றேன். அதில் இரண்டு விஷயங்கள் சொல்லப்பட்டிருந்தன. கண்டுபிடித்தவர் தம் விவரக்குறிப்பைத் தாமே எழுதி, கட்டுப்பாட்டாளர் முன் தாமே தோன்றுவதற்கு இந்த அத்தியாயத்தில் எதுவும் தடையாகாது. அவ்வாறே, காப்புரிமை முகவராக இல்லாத வழக்கறிஞர் ஒருவர், கட்டுப்பாட்டாளர் முன் நடக்கும் விசாரணையில் ஒரு தரப்பினருக்காகக் கலந்துகொள்வதற்கும் தடையில்லை. இரவு பதினோரு மணிக்குத் தங்கையை எழுப்பிக் காட்டினேன். அவள் மூன்று முறை படித்தாள்.

அதன்பின் இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரித்தோம். காப்புரிமைத் துறை என்பது ஒரே வாசல் உள்ள அறை அன்று என்பது அப்போது விளங்கிற்று. உரிமையை மீறினார் என்று ஒருவர் மீது தொடுக்கும் வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட மன்றத்தில் நடவாது. அந்த உரிமையையே ரத்து செய்ய வேண்டும் என்று எதிர்வழக்கு எழுந்தால் உயர்நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கெல்லாம் வாதிட வழக்கறிஞராக இருந்தால் போதும். எந்தப் பட்டத்தின் மேல் சட்டம் படித்தார் என்று கேட்பவர் இல்லை. காப்புரிமை அலுவலகத்தின் முடிவுகள் மீதான மேல்முறையீடுகளை முன்பு கேட்டுவந்த தனித் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டது. அதன் பிறகு அவையும் உயர்நீதிமன்றங்களுக்கே வருகின்றன. டெல்லி உயர்நீதிமன்றம் 2021இலும் சென்னை உயர்நீதிமன்றம் 2023இலும் இத்தகைய வழக்குகளுக்கென்று தனிப் பிரிவே ஏற்படுத்தின. அன்றியும், வணிகச் சின்னம், வடிவமைப்பு, பதிப்புரிமை, புவிசார் குறியீடு என்று இதற்கு உடன்பிறந்த துறைகள் உள்ளன. வணிகச் சின்ன முகவராவதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை. வழக்கறிஞராக இருப்பதே தகுதி.

இதில் ஒரு வேடிக்கையையும் கண்டேன். கண்டுபிடிப்பவருக்குச் சட்டம் எந்தப் படிப்பையும் விதிக்கவில்லை. என்னைப் போன்ற மெட்ரிகுலேஷன்காரனும், எழுதப் படிக்கவே தெரியாத தொழிலாளியும் கண்டுபிடிப்பாளராக விண்ணப்பிக்கலாம். வழக்கைத் தீர்க்கும் நீதிபதிக்கும் அறிவியல் பட்டம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நுட்பமான விஷயம் வந்தால் அறிவியல் ஆலோசகர் ஒருவரை நியமித்துக்கொள்ள 115ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. முதலில் நிற்பவருக்கும் பட்டம் வேண்டாம், முடிவில் இருப்பவருக்கும் வேண்டாம். நடுவில் நின்று எழுதிக் கொடுப்பவருக்கு மட்டும் வேண்டும். இதைச் சொல்லி நான் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. “அந்த விதியிலேயும் நியாயம் இருக்கு, அண்ணா” என்றாள்.

அந்த நியாயத்தை அவள் எனக்கு விளக்கிய விதத்தை வாசகர்களும் ரசிப்பார்கள் என்று நம்புகிறேன். நம் வீட்டுக் காபி வடிகட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். “இதை இதுவரைக்கும் பார்த்தே இராத ஒருத்தர், நீங்க எழுதறதை மட்டும் படிச்சு இதைச் செய்யணும். எழுதுங்க பார்க்கலாம்” என்றாள். மேலே ஒரு பாத்திரம், கீழே ஒரு பாத்திரம், மேல் பாத்திரத்தின் அடியில் துளைகள், உள்ளே குடை, மேலே மூடி என்று எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, துளைகள் எவ்வளவு நுண்ணியவை, குடை தூளின் மேல் அமர்வதா, அந்தரத்தில் தொங்குவதா, இரண்டு பாத்திரங்களும் ஒன்றில் ஒன்று எப்படிப் பொருந்துகின்றன என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் எழுதியபடி செய்தால் அதில் காபித் தூளும் சேர்ந்தே இறங்கும். சொல்லில் ஓர் ஓட்டை இருந்தால் உரிமையும் அதன் வழியே ஒழுகிப் போய்விடும். பொருளின் உள்நடப்பை அறியாதவர் எழுதினால் கண்டுபிடித்தவருக்குத்தான் நஷ்டம். விதி அதற்காகவே ஏற்பட்டது என்றாள்.

ஆனால் உள்நடப்பை அறிவதற்குக் கல்லூரி ஒன்றுதான் வழியா? இந்தக் கேள்விக்கு எங்கள் கட்டடத்திலேயே விடை கிடைத்தது. உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்த்த புகழ்பெற்ற காப்புரிமை வழக்கு ஒன்றைத் தங்கை படிக்க நேர்ந்தது. பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கு என்பார்கள். உலோகப் பாத்திரங்களை லேத்தில் வைத்துக் கடைவதைப் பற்றியது. சுழலும் பாத்திரம் பிடி நழுவி ஓடாதபடி, எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு முனையால் அழுத்திப் பிடிக்கும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். இது புதுக் கண்டுபிடிப்பா, பட்டறைக்காரருக்கு இயல்பாகத் தோன்றக்கூடிய சிறு திருத்தமா என்பதே கேள்வி. ஹெட் ஸ்டாக், டெயில் ஸ்டாக் என்று தீர்ப்பில் வரும் சொற்கள் அவளுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். எங்கள் பணிமனையிலேயே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பெரியப்பா என்று அழைப்போம். தங்கை தீர்ப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவர் ஒரு டம்ளரை வலது உள்ளங்கையில் படுக்கவைத்து, “இது தலைப்பக்கம், இதுதான் சுத்தும்” என்றார். பிறகு இடது கைச் சுட்டுவிரலால் டம்ளரின் மறுமுனையை அழுத்தி, “இது வால்பக்கம், இது ஓடாமல் பிடிக்கும். லேத்து தொட்டவன் எவனுக்கும் இது தெரியும், தாயி” என்றார். உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சொல்லியிருந்தது. அந்த அமைப்பில் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க படி எதுவுமில்லை, பட்டறை வழக்கத்தின் நீட்சியே என்பது தீர்ப்பின் சாரம். அன்றுமுதல் வாரத்தில் இரண்டு மாலை பெரியப்பா வீட்டில் அவளுக்கு வகுப்பு. வால்வு, பேரிங், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். அவர் கட்டணம் எதுவும் கேட்கவில்லை, காபியைத் தவிர.

சில வழக்குகளில் அறிவியலைவிடச் சொல்லின் பொருளே பெரிதாகி நிற்பதும் உண்டு. ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றைப் பற்றிய நோவார்ட்டிஸ் வழக்கை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி தீர்த்தது. தெரிந்த மருந்துப் பொருளின் புதிய வடிவத்துக்கு உரிமை வேண்டுமானால் அதன் பயன்திறன் கூடியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். பயன்திறன் என்றால் என்ன? எளிதில் கரைவதா, கெடாமல் இருப்பதா, நோயைத் தீர்ப்பதா? மருந்தைப் பொறுத்தவரை நோய் தீர்க்கும் திறனே என்று மன்றம் கொண்டது. அந்த விண்ணப்பம் 1998இல் நம் சென்னை அலுவலகத்தில் போடப்பட்டது என்பது நமக்கு ஒரு கூடுதல் செய்தி. ஒரு சொல்லை இவ்வாறு நிறுத்துப் பார்ப்பதற்கு வேதியியல் மட்டும் போதாது. சட்டமும் மொழியும் வேண்டும்.

அமெரிக்காவிலும் காப்புரிமை அலுவலகத்தில் பிறருக்காக விண்ணப்பம் நடத்துவதற்கு அறிவியல் பின்னணி கேட்கிறார்கள். ஆனால் அங்கே வேறு பட்டம் பெற்றவரும், போதிய அறிவியல் பாடங்களைக் கல்லூரியில் தனியே படித்துக் காட்டினாலோ, பொறியியல் அடிப்படைத் தேர்வு ஒன்றில் தேறினாலோ தகுதி பெற வழி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்திலும் ஈடான தகுதி என்ற சொற்கள் இருக்கின்றன. தாமே கற்றவருக்கும் ஒரு தேர்வு வைத்து அந்த வழியைத் திறந்தால் நன்றாயிருக்கும் என்பது என் எளிய கருத்து.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். பட்டியல் முடிந்த அன்று தங்கைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “நீங்க மட்டும் படிக்காம இருந்திருந்தா நான் இதை விட்டே போயிருப்பேன், அண்ணா. எனக்காக இவ்வளவு செய்யறீங்களே” என்றாள். அந்த நன்றி எனக்குச் சுட்டது. தகுதியற்ற ஒருவருக்குத் தவறாகப் பட்டுவாடா செய்யப்பட்ட பணம் போல அது என் கையில் கனத்தது. அம்மா உறங்கிய பிறகு, 2015இல் நடந்ததை அவளிடம் சொன்னேன். இடம் கிடைக்காமல் போகவில்லை. நான் கேட்கவே இல்லை என்று சொன்னேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மதியச் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் வழக்கம்போல் கட்டி வைத்தாள். மூன்றாம் நாள் காலையில், நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்று சொன்னாள். “அன்னைக்கு வீட்டுக் கணக்கை என் முன்னாலே வெச்சு, இவ்வளவுதான் முடியும்னு சொல்லியிருந்தா, நானே காமர்ஸ்னு எழுதியிருப்பேன். சயன்ஸ் போனதுக்காக எனக்கு வருத்தமில்லை. என்னைக் கேட்காம முடிவு பண்ணினீங்களே, அதுதான் வருத்தம். பத்து வருஷமா நான் மார்க் போதாதவள்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

கடைசி வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. நான் பணத்தை மிச்சப்படுத்தினேன் என்று நினைத்திருந்தேன். அவளுடைய தன்னம்பிக்கையிலிருந்து அதை எடுத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். “போங்க, லோக்கல் வண்டி போயிடும்” என்றாள். அது மன்னிப்பா அல்லவா என்று நான் விசாரிக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அவளுடைய மூத்த வழக்கறிஞரிடம் ஒரு சிறு தொழிற்சாலைக்காரர் வந்தார். வேறொருவர் கேட்டிருக்கும் காப்புரிமையை வழங்கக் கூடாது என்று எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும் என்றார். காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் எவரும் இவ்வாறு எதிர்க்கலாம் என்பது சட்டம். காகிதங்களைப் பதிவு பெற்ற முகவர் ஒருவர் தயாரித்தார். விசாரணையில் பேசும் பொறுப்பை மூத்தவர் தங்கையிடம் விட்டார். 132ஆம் பிரிவு வழிவிட்டது.

மும்பைக் காப்புரிமை அலுவலகம் ஆண்டாப் ஹில்லில் இருக்கிறது. எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்தே போய்விடலாம். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கட்டடத்தைக் கடந்து காய்கறி வாங்கப் போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை. விசாரணை நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளோ சிரித்துக்கொண்டே, விசாரணை காணொளி வழியாக நடக்கிறது, கோட்டையில் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பேச வேண்டியதுதான் என்றாள். எடுத்த விடுப்பை என்ன செய்வது? அவள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தக் கட்டடத்தின் எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். மாலையில் வந்து, இருபது நிமிஷம் பேசினேன், இரண்டு கேள்வி கேட்டார்கள், ஒன்றுக்குப் பெரியப்பாவின் டம்ளர் பாடம் கைகொடுத்தது என்றாள். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

முகவர் என்ற அந்தப் பூட்டிய கதவு பூட்டியபடியேதான் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டுமானால் அவள் பின்னோக்கிப் போக வேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல் பாடங்களை எழுதி, அதன்மேல் பி.எஸ்ஸி. படிக்க வேண்டும். இருபத்தைந்து வயதைக் கடந்தவளுக்கு அது பல ஆண்டு உழைப்பு. அதற்குரிய விண்ணப்பப் படிவம் எங்கள் வீட்டு மேஜை மேல் ஒரு மாதமாக இருக்கிறது. இந்தத் தடவை வீட்டுக் கணக்கு நோட்டையும் அதன் பக்கத்தில் திறந்தே வைத்திருக்கிறேன். நிரப்புவதும் நிரப்பாததும் அவள் விருப்பம். நான் பேனாவைத் தொடப் போவதில்லை.

அன்பர்களே, ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாட்களில், நம்முள் எத்தனையோ தகப்பன்மாரும் அண்ணன்மாரும் பிள்ளைகளின் பெயரால் படிவம் நிரப்புகிறோம். எந்தப் பிரிவு எந்த வேலைக்கு வழி, எதற்கு அடைப்பு என்பதை அன்றே விசாரித்துவிடுங்கள். அடைத்துவிட்டது என்று பிறர் சொன்னால், சட்டத்தையும் விதியையும் நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒரு கதவுக்குப் பக்கத்தில் வேறு கதவு இருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டின் நிலைமை எதுவாயினும் அதைப் பிள்ளைகளின் முன் வைத்து, அவர்களைக் கேட்ட பிறகு எழுதுங்கள். நான் கேட்காமல் எழுதியதன் பலனைச் சொல்லிவிட்டேன். இதுவே என் விண்ணப்பம்.